பெரும்பாடு அல்ல

நான் வேலை பார்க்கும் லேபில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. சாம்பிள் வாங்குவதும் டப்பா கொடுப்பதும் அதன் வழியாகத்தான். அங்கே உட்கார்ந்துவிட்டால் நான் வேறு ஆள்.

"மோஷன் டெஸ்டுக்கு ஒரு பட்டாணி அளவு போதும். தண்ணி படக்கூடாது. சளியோ ரத்தமோ இருந்தா அந்த எடத்துல இருந்து எடுங்க."

எவர் முகத்தையும் நேராகப் பார்த்து இதைச் சொல்வேன். குரல் நடுங்காது.

ஒருமுறை திரேஸ்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். சங்கு குளிக்கப் போகிறவர். நான் கொடுத்த டப்பாவை அப்படியே திருப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் ஓர் ஊறுகாய் பாட்டிலை வைத்தார். நிறைந்திருந்தது.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு?"

"டாக்டர் பெரிய வியாதியா இருக்குமோங்காரு. நீ சின்ன டப்பா தந்தே. பத்தாமப் போயிரக் கூடாதுல்லா."

உள்ளேயிருந்து எங்கள் சீனியர் டெக்னீஷியன் மாரிராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஒரு மாசத்துக்கு எங்களுக்கு இது காணும் அண்ணாச்சி. இனி வேற யாரையும் வரவேண்டாம்னு சொல்லிருதோம்." அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டில் இதற்கெல்லாம் சொல்லே கிடையாது. தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் நாசரேத்துதான் எங்கள் சொந்த ஊர், கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஜேசுபாதம் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருக்கிறார். அம்மா ஜெயபாய் பள்ளிக்கூட ஆசிரியை. தூத்துக்குடி பிரையண்ட் நகரில் குடியிருக்கிறோம். கழிப்பறைக்குப் போவதை அம்மா "பின்னால போயிட்டு வாறேன்" என்பாள். எங்கள் கழிப்பறை வீட்டின் முன்னறையை ஒட்டி இருக்கிறது. அப்பா அதுகூடச் சொல்லமாட்டார். செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்தால் நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வீட்டில்தான் எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது.

முதலில் சளி மட்டும். பிறகு சளியோடு சிவப்பு. பிறகு அடிவயிறு முறுக்கிக்கொண்டு வரும், உடனே ஓட வேண்டும், போனால் ரத்தம்தான் அதிகம் இருக்கும். சாப்பிட்டால் ஓடவேண்டியிருந்ததால் சாப்பாட்டைக் குறைத்தேன். நான் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல். வாய் முதல் கடைசி வரை உணவுப்பாதையைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவள். கடைசிப் பாகத்தைக் குறிக்கும்போது மட்டும் எழுத்தைச் சின்னதாக எழுதுவேன்.

ஒரு நாள் மதியம் மாரிராஜ் அண்ணன் சாப்பிடப் போயிருந்தபோது என் சாம்பிளை நானே ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். பதிவு எண் போடவில்லை. சிவப்பணுக்கள் கொட்டிக் கிடந்தன. சீழ் அணுக்களும் நிறைய. அமீபா இருக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடினேன். இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டே தேடினேன். அமீபா என்றால் கொஞ்ச நாள் மாத்திரையோடு முடிந்துவிடும், யாருக்கும் தெரியவேண்டாம். இல்லை. ஸ்லைடை கிருமிநாசினியில் போட்டுவிட்டுக் கையை முழங்கைவரை கழுவினேன்.

டாக்டரிடம் போகவில்லை. தூத்துக்குடியில் குடல் டாக்டர்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் பாதிப்பேர் எங்கள் லேபுக்கு ஆள் அனுப்புகிறவர்கள். என் பெயர் போட்ட சீட்டு என் ஜன்னலுக்கே வரும். அதைவிட, டாக்டரின் அறையில் பின்புறத்தைச் சோதிக்கப் பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்தாலே காது சூடாகும்.

அம்மாவுக்குத் தெரிந்தது தண்ணீரால். எங்கள் தெருவுக்கு அந்த வாரம் தண்ணீர் வரவில்லை. டேங்க் வற்றிவிட்டது தெரியாமல் காலையில் போய்விட்டேன். ஒரு குவளைத் தண்ணீர்தான் இருந்தது. ஊற்றினேன், போகவில்லை. குடத்தை எடுத்துவர வெளியே வந்தபோது அம்மா உள்ளே நுழைந்துவிட்டாள்.

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"ஏளா, இது மாசாமாசம் வாறதா?"

"இல்ல."

"பின்ன?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அது வழியாவா?"

"ம்."

"எம்புட்டு நாளா?"

"கொஞ்ச நாளா."

அம்மா முன்னறையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "அப்பாட்ட சொல்லாத. அவியளால தாங்க முடியாது" என்றாள் குரலைத் தாழ்த்தி. எதைத் தாங்க முடியாது என்று சொல்லவில்லை. நோயையா, பேச்சையா என்று நானும் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை ஜெபத்துல வைப்போம். லீவு சொல்லிட்டு வா."

வெள்ளிதோறும் எங்கள் சபைப் பெண்கள் உபவாசம் இருந்து ஆலயத்தின் பக்கத்து ஹாலில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து அவரவர் ஜெபக்குறிப்பைச் சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். அதை நடத்துகிறவர் கிருபை சிஸ்டர். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிக் குழந்தைகள் அவர் கையில் பிறந்தவை என்பார்கள். அதில் நானும் ஒருத்தி.

ஞானபாக்கியம் அத்தை எழுந்து, "எம் மருமக வாய் குறையணும், அதுக்காக ஜெபிங்க" என்றார்.

"அவ பின்னாலதான் இருக்கா" என்றார் கிருபை சிஸ்டர்.

"தெரியும். கேக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

"எங்க அத்தைக்குக் காது குறையணும்னும் சேத்து ஜெபிங்க சிஸ்டர்" என்று மருமகளின் குரல் வந்தது. ஹாலே சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன்பே அம்மா எழுந்துவிட்டாள்.

"எம்மக ஈவாஞ்சலினுக்காக ஜெபிக்கணும். அவளுக்குக் கொஞ்ச நாளா..." நிறுத்தினாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரத்தப்போக்கு."

"பெரும்பாடா?" என்று கேட்டார் கிருபை சிஸ்டர்.

பெரும்பாடு என்றால் மாதவிடாய் ரத்தம் நிற்காமல் போவது. வேறெங்கும் யாரும் சொல்லாத அந்தச் சொல்லை நாங்கள் சின்ன வயதிலிருந்தே, ஆண்டவரின் ஆடையைத் தொட்டுச் சுகமான பெண்ணைப் பற்றிய பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆண்களே பிரசங்க பீடத்தில் நின்று உரக்கச் சொல்லும் சொல் அது. அதில் யாருக்கும் கூச்சமில்லை. கோயில் சொல்.

நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா சிஸ்டர்."

எல்லாரும் என்னை நோக்கிக் கை நீட்டி ஜெபித்தார்கள். சிலர் அழுதார்கள். இல்லாத ஒரு நோய்க்காக அவ்வளவு பேர் அழுவதைக் கேட்டுக்கொண்டு நடுவில் முழங்காலிட்டிருந்தேன். வயிறு முறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன், உடம்பு நடுங்கியது. கிருபை சிஸ்டர் என் தோளைத் தடவி, "ஆண்டவர் தொடுதாரு பிள்ள, நடுங்கட்டும்" என்றார்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"சபை நடுவுல பின்ன எப்படிச் சொல்ல? ரத்தம் ரத்தந்தானளா. எங்கன இருந்து வந்தா என்ன? ஆண்டவருக்குத் தெரியாதா?"

ஆண்டவருக்குத் தெரியும், கிருபை சிஸ்டருக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

மறுநாளே கிருபை சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். "ஜெபமும் வேணும், மருந்தும் வேணும். என் சர்வீஸ்ல எத்தன பிள்ளையளுக்குக் கொடுத்திருக்கேன். ரத்தமும் நிக்கும், வலியும் நிக்கும். இப்பவே ஒண்ணு போடு, நான் பாக்கணும்."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மாதவிடாய் ரத்தத்தை நிறுத்தும் மருந்தோடு ஒரு வலி மாத்திரையும் சேர்ந்தது. அந்த வகை வலி மாத்திரை குடலுக்கு ஆகாது என்று படித்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் ஏன் வேண்டாம் என்று அடுத்த கேள்வி வரும். அம்மா தண்ணீர் டம்ளரோடு என் எதிரில் நின்றாள். வாங்கி விழுங்கினேன்.

"பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் சிஸ்டர்.

தினமும் போன் செய்து விசாரித்தார். போட்டேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. அதனால் போட்டுவிட்டு, போட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஞானபாக்கியம் அத்தை என்னை வாசலில் நிறுத்தினார். அடிவயிற்றில் கையை வைத்தார். "கர்ப்பப்பையில கட்டி கிட்டி இருக்கான்னு ஸ்கேன் பண்ணுனியாளா? கல்யாணம் ஆவப்போற பிள்ள. சாத்தான்குளத்துல இருந்து ஒரு எடம் கேட்டாவ, முதல்ல ஒடம்பு சரியாவட்டும்னு நான் சொல்லி வச்சிருக்கேன்."

அவர் கையை அழுத்தியதும் எனக்கு அவசரம் வந்தது. "வாறேன் அத்தை" என்று ஓடினேன். திரும்பி வரும்போது அவர் அம்மாவிடம், "பாவம், எழவு வலியில ஓடுதா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். "கர்ப்பப்பைன்னு நான் எப்பளா சொன்னேன்?" என்று என்னைக் கேட்டாள். பிறகு மெதுவாக, "இனி மாத்திச் சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள். சொன்னதே பொய்தானே என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வலி கூடியது. லேபில் ஜன்னலுக்கும் கழிப்பறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வேம்பாரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், "சளியோ ரத்தமோ இருந்தா..." என்று சொல்லத் தொடங்கினேன். முடித்தேனா என்று நினைவில்லை. கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். மாரிராஜ் அண்ணன் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளக் காயிதம் மாதிரி இருக்கு. கையை நீட்டு."

ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார். ஹீமோகுளோபின் ஏழுக்குப் பக்கத்தில் வந்தது. என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்ணுமில்லாமலா இது இப்படிக் காட்டுது? மெஷின் உங்கூட சண்ட போட்டுருக்கோ?" என்றார். அம்மாவுக்கு போன் செய்துவிட்டு ஆட்டோ பிடித்தார்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் படுக்க வைத்தார்கள். அம்மா பள்ளியிலிருந்து நேராக வந்தாள், விரல்களில் சாக்பீஸ் தூளோடு. அவள் போன் செய்து கிருபை சிஸ்டரும் வந்துவிட்டார். கடைசியாக அப்பா வந்தார். துறைமுக அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. அவருக்கு எதுவும் தெரியாது. யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

டாக்டர் இளைஞர். "என்ன பண்ணுது?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கிருபை சிஸ்டர் முன்னால் வந்தார்.

"பெரும்பாடு டாக்டர். ஹெவி பீரியட்ஸ். நான் ரிட்டயர்ட் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு வாரமா மாத்திரை நாந்தான் குடுக்கேன். இவ்வளவு எறங்கும்னு நெனைக்கல." அட்டையை எடுத்து நீட்டினார்.

டாக்டர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "கைனக் மேடத்தைக் கூப்பிடுங்க" என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னார். "ஒரு பெல்விக் ஸ்கேன். இந்த மாத்திரையையே ஊசியா போடலாம். வலிக்கும் ஒண்ணு போட்ருங்க."

நர்ஸ் ஊசி எடுக்கத் திரும்பினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜெபிக்கிறாளா, சொல்ல முயல்கிறாளா என்று தெரியவில்லை. அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஊசி மருந்துப் புட்டிக்குள் இறங்கியது, சிரிஞ்சில் மருந்து ஏறியது. அவள் சொல்லமாட்டாள்.

அப்பாவின் ஷூ தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"பீரியட்ஸ் இல்ல டாக்டர். மோஷன்ல ரத்தம் போகுது. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சளியும் சேந்து வரும். நானே ஸ்லைடு பாத்தேன். ஆர்.பி.சி. நெறைய, சீழ் செல்ஸ் நெறைய. அமீபா இல்ல. வலி ஊசி போடாதீங்க."

அது என் ஜன்னல் குரல். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. சொல்லி முடித்ததும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் நர்ஸின் கையைத் தடுத்தார். பிறகு, "இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றார்.

அப்பாதான் முதலில் பேசினார். "லார்ஜ் இன்டஸ்டினா டாக்டர்?" ஆங்கிலத்தில் என்பதால் அவரால் கேட்க முடிந்தது.

"அப்படித்தான் தோணுது. ஸ்கோப் பாத்தாத்தான் சொல்ல முடியும். பெருங்குடல்ல புண் இருக்கவங்களுக்கு இந்த வகை வலி மாத்திரை ஒத்துக்காது. இருந்த புண்ணைக் கிளறி விட்டிருக்கலாம்."

கிருபை சிஸ்டர் அட்டையைத் திரும்பக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஜிப் சரியாக மூடவில்லை. மறுபடி மறுபடி இழுத்தார். என் காதருகே குனிந்து, "எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே பிள்ள. நான் எவ்வளவு பேருக்கு எனிமா குடுத்தவ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கவாட்டில் திரும்பிப் படுப்பதைவிட அந்தக் கனிவு பெரிய கூச்சமாக இருந்தது.

மறுநாள் குழாயில் கேமரா விட்டு ஸ்கோப் பார்த்தார்கள். பக்கவாட்டில் திரும்பித்தான் படுத்தேன். திரையில் என் பெருங்குடலின் உட்சுவரைப் பார்த்தேன். தோல் உரிந்த முழங்கால் போல இருந்தது. தொட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உடம்பே தன் குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய். மருந்தால் அடங்கும், திரும்ப வரலாம். பல வருடம் கூடவே இருக்கும். டாக்டர் சொல்லச் சொல்ல அப்பா தன் கைக்குட்டையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ரத்தம் ஏற்றினார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். தனி அறைதான். பத்துப் பேருக்கு மேல் நெருக்கி நின்றார்கள். ஞானபாக்கியம் அத்தை பிஸ்கட்டும் மக்ரூனும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "யூட்ரஸ எடுக்கச் சொல்லிட்டாவளோ?" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார். எல்லாருக்கும் கேட்டது.

கிருபை சிஸ்டர் என் தலையில் கை வைத்தார். "என்னன்னு சொல்லி ஜெபிக்க, ஜெயபாய்?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டார். அம்மாவுக்கு வேறு வழி வைக்கக்கூடாது என்று கேட்டாரா, இரக்கத்தில் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றாள். கழுத்து சிவந்தது.

"பெரும்பாடு இல்ல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அவளுக்குக் குடல்ல புண்ணு. ரத்தம்..." நிறுத்தினாள். "வெளிக்குப் போற எடத்துல."

ஒருவர் தன் சேலையைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "ஒட்டுமோ?" என்று இன்னொருவர் கேட்டார். ஒட்டாது என்றேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஞானபாக்கியம் அத்தையின் கை அப்படியே நின்றது.

"கண்ண மூடுங்க" என்றார் கிருபை சிஸ்டர். ஜெபம் ஆரம்பித்தது. பெரும்பாட்டுக்கு ஜெபித்ததுபோல யாரும் அழவில்லை. ஆமென்கள் சிறியதாக வந்தன. "இந்தப் பிள்ளையின் குடலைத் தொடும் கர்த்தாவே" என்று சிஸ்டர் சொன்னபோது ஒரே ஒரு ஆமென்தான் கேட்டது. அது அம்மாவுடையது.

அப்போதுதான் எனக்கு வந்தது.

அடக்கப் பார்த்தேன். ஸ்டீராய்டு இன்னும் முழுதாக வேலை செய்யவில்லை. ட்ரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு, கண்மூடி நின்ற பெண்களுக்கு நடுவே போனேன். சக்கரம் கிரீச்சிட்டது. அறையோடு சேர்ந்த பாத்ரூம். கதவு மெல்லிய பிளாஸ்டிக் கதவு. அதற்கு அந்தப்பக்கம் ஒரு முழ தூரத்தில் அவர்கள் நின்றார்கள்.

தாழ்ப்பாள் போட்டேன். உட்கார்ந்தேன். சத்தம் வந்தது.

வெளியே ஜெபம் நின்றது. எல்லாருக்கும் கேட்டிருக்கும். இரண்டாவது தடவையும் வந்தது. கையால் காதைப் பொத்திக்கொண்டேன், எனக்குக் கேட்காவிட்டால் அவர்களுக்கும் கேட்காது என்பதுபோல.

அப்போது அம்மா பாட ஆரம்பித்தாள். அவளுக்குப் பாட வராது. அதனாலேயே பாடகர் குழுவிலிருந்து ஒதுங்கிப் பல வருடமாகிறது. அவசரத்தில் வாயில் வந்ததைப் பாடினாள். ஜூலை மாத வெயிலில், கிறிஸ்துமஸ் பாட்டு. வீடு வீடாகப் போகும்போது பாடுகிற, கைதட்டிப் பாடுகிற பாட்டு. அவளுக்குத் தெரிந்ததிலேயே அதுதான் உரத்தது.

முதல் அடியைத் தனியாகப் பாடினாள். இரண்டாவது அடியில் கிருபை சிஸ்டரின் கனத்த குரல் சேர்ந்தது. பிறகு ஒருவர், இன்னொருவர். "எந்த மாசத்துல எந்தப் பாட்டு" என்று ஞானபாக்கியம் அத்தை சொன்னது கேட்டது. சொல்லிவிட்டு அவரும் கைதட்டினார்.

பாட்டு முடிந்தது. எனக்கு இன்னும் முடியவில்லை.

"மறுபடியும் முதல்ல இருந்து" என்றாள் அம்மா.